தயிர் மட்டும் போட்டுடாதே

1

இந்தக் கதை முழுதும் என்னுடையது இல்லை. போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் பேருந்தில், எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண் போனில் பேசியதில் ஒரு வரி என் காதில் விழுந்தது. அங்கிருந்து எடுத்தேன்.

"தயிர் மட்டும் போட்டுடாதே. போட்டா அவருக்குத் தெரிஞ்சிடும்."

பேருந்து மலை ஏறத் தொடங்குவதற்கு முந்தைய நிறுத்தத்தில் அவர் இறங்கிக்கொண்டார். முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் பின்னங்கழுத்து, வாடிய கனகாம்பரம், மடியில் ஒரு துணிப்பை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தபோதுதான் அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெரிய பழுப்பு உறை தெரிந்தது. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் படம் வைத்துக் கொடுப்பார்களே, அந்த உறை.

அதுவரை அந்த வரியை வேடிக்கையாகத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தயிர் கெட்டுப்போயிருக்கும், கடைத்தயிரை வீட்டுத் தயிர் என்று சொல்லிப் போடுகிறார்கள், இப்படி. உறையைப் பார்த்த பிறகு வேடிக்கை போய்விட்டது. தயிர் போட்டால் அவருக்கு என்ன தெரிந்துவிடும்?

மலையில் தோழி வீட்டில் உட்கார்ந்து வேறொரு கதை எழுதுவதாகத் திட்டம். அதை எழுதவே இல்லை.

2

முதல் வரிகள் மூன்று எழுதினேன்.

'வடிவேலுவுக்கு இருமல் வந்தபோது மலையில் சாமைக் கதிர் முற்றியிருந்தது.' அழகாக இருக்கிறது. அதனாலேயே அடித்தேன். இருமுகிறவருக்கும் சாமைக்கும் என்ன சம்பந்தம்?

'தயிர் கபத்தைக் கூட்டும் என்பது சித்த மருத்துவத்தின்' [இதற்கு மேல் எழுத முடியவில்லை. கட்டுரைக் குரல் வந்துவிட்டது. கட்டுரையும் வேண்டியிருக்கிறது, பிறகு வரும்.]

'மத்தியானச் சோற்றில் கடைசிப் பிடி மிச்சமிருக்கும்போது வடிவேலு தினமும் தயிர் கேட்பார்.' இதை வைத்துக்கொண்டேன்.

வடிவேலு என்பது நான் வைத்த பெயர். அறுபதைத் தாண்டியவர். மலையடிவாரத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு கறவை மாடு. உடம்புக்கு வருவதற்கு முன்னால் ஊர்ப் பாலை எல்லாம் கேனில் ஊற்றி மொபெட்டில் கட்டிக்கொண்டு போய் சொசைட்டியில் ஊற்றிவிட்டு வருவார். அவர் மனைவி சுந்தரம்மாள். பேருந்தில் என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் இவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். மருமகள் கீதாஞ்சலி இவர்களோடு.

இனி அந்த மத்தியானம்.

"கொஞ்சூண்டு தயிர் இருந்தா வுடேன்."

"இன்னாது?"

"தயிரு."

"காதுல வுழல."

"சட்டியில கீது. இங்க வரைக்கும் வாசன வருது."

"வாசன வருதில்ல, அதப் போட்டுப் பெசஞ்சு சாப்டுங்க."

வடிவேலு சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். இருமி முடித்துவிட்டுக் கடைசிப் பிடியை ரசத்தோடு வாயில் போட்டுக்கொண்டு, தட்டிலேயே கை கழுவுவார். சுந்தரம்மாளுக்கு அது பிடிக்காது. அதற்கும் திட்டு உண்டு.

3

கட்டுரை வரும் என்றேன் இல்லையா? சின்னதுதான்.

சித்த வைத்தியம் பாலையும் தயிரையும் மோரையும் ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. பசு ஒன்று, மடி ஒன்று, ஆனால் காய்ச்சினால் ஒரு குணம், உறைந்தால் ஒரு குணம், கடைந்தால் வேறு ஒரு குணம். நெஞ்சில் சளி கட்டியவருக்கு மிளகும் மஞ்சளும் தட்டிப் போட்டுக் காய்ச்சிய பசும்பால் கொடுக்கலாம், எருமைப் பால் ஆகாது. தயிர் ஆகவே ஆகாது, அது சளியை இறுக்கும். வெண்ணெய் எடுத்த மோரை நீர்க்கக் கரைத்து, சுக்கு தட்டிப் போட்டு, வெயில் இருக்கும்போது கொஞ்சம் குடிக்கலாம், ராத்திரியில் கூடாது. இப்படிச் சொல்வார்கள்.*

* வயிற்றுப்போக்குக்கு அதே மோர்தான் மருந்து. காமாலைக்குக் கீழாநெல்லியை அரைத்து மோரில்தான் கலக்கிக் கொடுப்பார்கள். அதனால் இந்த மண்ணில் நோயாளிக்குத் தயிர் மோர் கூடாது என்று யாரும் பொதுவாகச் சொல்வதில்லை. எந்த நோயாளிக்கு, எந்த வேளையில் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

தயிர் நிஜமாகவே சளியைக் கூட்டுமா என்று எனக்குத் தெரிந்த இரண்டு மருத்துவர்களைக் கேட்டேன். ஒருவர் கூட்டும் என்றார், இன்னொருவர் சிரித்தார். இந்தக் கதைக்கு அந்த விடை தேவைப்படவில்லை. வடிவேலு நம்புகிறார், சுந்தரம்மாள் நம்புகிறாள், எனக்கு அது போதும்.

[சுந்தரம்மாளை 'அவர்' என்று தொடங்கி 'அவள்' என்று எழுத ஆரம்பித்துவிட்டேன். திருத்தப் பார்த்தேன், மனம் வரவில்லை. கிட்டே வந்துவிட்டாள்.]

4

வடிவேலுவின் வைத்தியரைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. முதலில் வெள்ளைத் தாடி, ஓலைச்சுவடி என்று ஒருவரை எழுதினேன். நாடி பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். அவரை நம்பவே முடியவில்லை, வெளியே அனுப்பிவிட்டேன்.

பிறகு வந்தவள் பூவிழி. சித்த மருத்துவம் படித்தவள். போளூரில் ஒரு மருந்துக் கடை மாடியில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறாள், ஸ்கூட்டரில் வருகிறாள். சுந்தரம்மாள் முதல்முறை போனபோது, வடிவேலுவுக்குத் தயிர் கூடாது என்று பத்தியம் சொன்ன பூவிழிக்கே ஜலதோஷம். மேசையில் திறந்திருந்த சாப்பாட்டு டப்பாவில் தயிர்சாதம்.

"இன்னாம்மா, எங்களுக்கு வாணாம்னு சொல்லிட்டு நீ துன்றே?"

"எனக்கு வைத்தியம் பாக்க ஆள் இல்லியேம்மா" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள் பூவிழி.

பூவிழியை எனக்குச் சட்டென்று பிடித்துப்போயிற்று. போன மழைக்காலத்தில் எனக்குக் காய்ச்சல். சென்னையில் நான் தனியாக இருக்கிறேன். ஒரு காலையில் பிரிட்ஜைத் திறந்து, கப் தயிரை நின்றபடியே வழித்துச் சாப்பிட்டேன். எரிந்துகொண்டிருந்த தொண்டைக்கு அத்தனை இதம். கப்பைக் குப்பையில் போடும்போதுதான், யாராவது கையிலிருந்து பிடுங்கியிருக்கலாமே என்று ஓர் எண்ணம் வந்தது. கூடாது என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்றால், நான் நாளைக்கு எப்படி இருப்பேன் என்பதில் அவருக்கு ஏதாவது இருக்க வேண்டும். அன்றைக்கு என் நாளையைப் பற்றி அந்த வீட்டில் அக்கறைப்பட்டது நான் மட்டும்தான். எனக்கும் பெரிதாக அக்கறை இல்லை.

[இதை இங்கே வைக்கலாமா என்று யோசித்தேன். வடிவேலுவின் கதையில் என் தயிருக்கு என்ன வேலை? இருந்தாலும் அவரைப் புரிந்துகொண்டது அந்தக் கப் வழியாகத்தான். இருக்கட்டும்.]

5

வேலூரில் படம் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் என்ன என்று அங்கே சொன்ன பெயரை நான் எழுதப்போவதில்லை. சுந்தரம்மாளுக்கும் அந்தப் பெயர் வாயில் நுழையாது. வடிவேலுவிடம் படத்தில் ஒன்றும் சரியாகத் தெரியவில்லை என்று மட்டும் சொன்னார்கள். சுந்தரம்மாள் அந்த உறையை எடுத்துக்கொண்டு பூவிழியிடம் போனாள்.

பூவிழி படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். கூடவே இருந்த அறிக்கையைப் படித்தாள். மறுபடியும் படித்தாள்.

"அம்மா, இனிமே பத்தியம் வேணாம்."

"ஏம்மா, சரியாப் போச்சா?"

"அவருக்கு இன்னா புடிக்குதோ அதக் குடுங்க."

சுந்தரம்மாள் கொஞ்ச நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"தயிரு?"

"தயிரும் குடுக்கலாம். இப்ப அது ஒண்ணும் பண்ணாது."

"ஒண்ணும் பண்ணாதுன்னா? நல்லது பண்ணாதா, கெட்டது பண்ணாதா?"

"ரெண்டும் பண்ணாதும்மா."

சுந்தரம்மாள் அழு [இல்லை. அவள் அழவில்லை. நான்தான் அவளை அழவைக்கப் பார்த்தேன். உறையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒழுவுதே, நீ மூக்குக்கு மொதல்ல மருந்து பாரும்மா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.]

பேருந்தில் உட்கார்ந்ததும் மருமகளுக்குப் போன் போட்டாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வடிவேலு கேட்பார், பதில் சொல்ல இவள் அங்கே இல்லை. அந்தப் போனில் சொன்னதுதான் உங்களுக்கு முன்பே தெரிந்த வரி.

6

தயிரைப் பார்த்து வடிவேலு எதைக் கண்டுபிடித்துவிடுவார்? அதற்குப் பத்தியம் எப்படி முடியும் என்பது தெரிந்தாக வேண்டும்.

பத்தியம் இரண்டு விதமாக முடியும். உடம்பு தேறினால் வைத்தியரே நாள் சொல்லி, தலைக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்வார். அது ஒரு சின்ன விசேஷம் மாதிரி. இன்னொரு விதம், உடம்பு தேறாமலே முடிவது. அப்போது எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் திறக்கும். கேட்டது கிடைக்கும். அடிவாரத்து ஊர்களில் ஒரு வீட்டு நோயாளிக்குத் திடீரென்று கேட்டதெல்லாம் கிடைக்கிறது என்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்பியாயிற்றா என்று விசாரிப்பார்கள்.

வடிவேலுவின் அண்ணனுக்கும் நெஞ்சில்தான் நோய். அப்போது வந்த வைத்தியர் மாட்டுக்கொட்டகைப் பக்கம் கை கழுவிக்கொண்டே, "இனிமே எது கேட்டாலும் குடுங்க" என்று சொன்னார். சொன்னது வடிவேலுவிடம். அன்று அண்ணன் கேட்டது தயிர். வடிவேலு தன் கையாலேயே போட்டார், கட்டித்தயிர், மேலாடையோடு. அண்ணன் குழந்தை மாதிரி விரலைச் சப்பினார். "பாத்தியா, தேறிட்டேன், இல்லாட்டி குடுப்பீங்களா நீங்க" என்றார். வடிவேலு சட்டியை உள்ளே வைக்கப் போகிற மாதிரி எழுந்து போய்விட்டார்.

(இந்த அண்ணனை நான்தான் உண்டாக்கினேன். ஆனால் இவர் இல்லாமல் அந்த வரிக்கு அர்த்தம் வரவில்லை. விரலைச் சப்பியது மட்டும் நான் தேடிப்போகாமல் தானாக வந்தது.)

7

கீதாஞ்சலிக்கு மாமியாரோடு உடன்பாடு இல்லை. கொட்டகையில் இருவரும் தனியாக இருந்தபோது கேட்டுவிட்டாள்.

"அத்த, நான் ஒண்ணு சொன்னா கோச்சுக்காதீங்க. ஆசப்பட்டுக் கேக்கறாரு. டாக்டரே குடுக்கலாம்னுட்டாங்க. கடசீல ஒரு வாய்—"

"கடசீன்னு சொல்லாத."

"சரி, சொல்லல. ஆனா மனசு கேக்கல அத்த. நம்ம வூட்ல தயிர் இல்லாத நாளே கெடையாது. ஓட்டலுக்குக் குடுக்கறோம், ஊருக்கே குடுக்கறோம். அவரு பாத்துக்கினு உக்காந்திருக்காரு."

"போட்டா சாப்டுவாரு, கீதா. சாப்டுட்டு அப்புறம் ஒண்ணுமே சாப்ட மாட்டாரு."

கீதாஞ்சலி வைக்கோலை உதறினாள். "மோர்க்கொழம்பா வெச்சுக் குடுத்தா? நெறையா மஞ்சப் போட்டு?"

"எந்த மாட்டுத் தயிருன்னு மோந்து பாத்தே சொல்ற ஆளு. நெஞ்சுதான் போச்சு, மூக்கு நல்லாத்தான் கீது."

இருவரும் சிரித்தார்கள். சிரித்ததற்காக இருவருக்கும் கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

நான் யார் பக்கம்? கீதாஞ்சலி பேசும்போது கீதாஞ்சலி பக்கம். சாகப்போகிறவருக்குப் பிடித்ததைக் கொடுக்காமல் வைத்திருப்பது கொடுமைதானே? சுந்தரம்மாள் பேசும்போது அவள் பக்கம். தயிர் போட்டால் அவருக்கு நாக்குக்கு ஒரு வேளை கிடைக்கும், மிச்சமிருக்கும் எல்லா வேளையும் போய்விடும். ஆசைப்பட்டதைக் கொடுத்தால் பயத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டையும் பிரித்து ஊற்ற சுந்தரம்மாளுக்கு வழி தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

8

இங்கேதான் பல நாள் நின்றேன். ஒரு காலையில் மலையில் பனி விலகாமல் இருந்தது. நான் எழுதிய மத்தியானக் காட்சிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ஒன்று கண்ணில் பட்டது. எந்தக் காட்சியிலும் கிடையாது என்றான பிறகு வடிவேலு மறுபடி கேட்பதில்லை. கெஞ்சுவதில்லை, முகம் சுளிப்பதில்லை. கிடையாது என்றதும் சிரிக்கிறார், கடைசிப் பிடியை நன்றாக மென்று சாப்பிடுகிறார்.

எழுதியது நான். ஆனால் எனக்கே அப்போதுதான் புரிந்தது. அவர் கேட்பது தயிருக்காக இல்லை. கிடையாது என்று காதில் விழ வேண்டும். அது விழுந்துவிட்டால் அன்றைக்கு இருக்கிறார். வேலூர்ப் படத்தில் என்ன என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் தயிர் கேட்டு அதைத்தான் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

இது சுந்தரம்மாளுக்குத் தெரியுமா? அதைப் பார்க்க இன்னொரு மத்தியானம் எழுதினேன்.

அன்று வடிவேலு அதிகம் சாப்பிடவில்லை. தோள் எலும்பு பனியனுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தது.

"தயிர் இருந்தா வுடேன்."

சுந்தரம்மாள் அந்த எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை சட்டியின் மூடிமேல் போய்விட்டது. போனது அவளுக்கே தெரியவில்லை.

வடிவேலு அந்தக் கையைப் பார்த்தார். தட்டில் அவர் விரல்கள் அப்படியே நின்றன.

"வாணாம் வாணாம்" என்றார் அவசரமாக. "இருமல் வந்துடும்."

"இருமல் வரும்னு தெரியுதில்ல, அப்புறம் இன்னாத்துக்குக் கேக்கறீங்க?" அவள் குரல் உடைந்திருந்தது. கோபம் மாதிரி ஆக்கிக்கொண்டாள்.

"நீ திட்டணும்னுதான்."

[இந்தக் கடைசி வரியை அடித்தேன், மறுபடி சேர்த்தேன், மறுபடி அடித்தேன். இவ்வளவு வெளிச்சமாக அவர் பேசுவாரா? முப்பது நாற்பது வருஷம் கூட இருந்தவர்கள் இதைச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். ஆனால் வேடிக்கை மாதிரி சொல்லலாம். வேடிக்கை மாதிரி சொன்னார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

9

முடிவுகள்.

ஒரு முடிவில் சுந்தரம்மாள் தயிர் போடுகிறாள். அவர் அவளை நிமிர்ந்து பார்க்கிறார். பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நல்லாத் தோஞ்சிருக்கு, நீயும் உக்காரு" என்கிறார். இருவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். எழுதும்போது நான் அழுதேன். அதனால் சந்தேகம் வந்து ஒதுக்கி வைத்தேன். ஒரே தட்டு எனக்காக வைத்தது, அவர்களுக்காக இல்லை.

இன்னொன்றில் அவள் கடைசிவரை போடவில்லை. மூன்றாம் நாள் படையலில் இலை நிறையத் தயிர் வைக்கிறாள். இதை எழுதி முடித்ததும் கிழித்தேன். உயிரோடு இருந்தபோது கொடுக்காததைச் செத்த பிறகு இலையில் வைக்கும் காட்சியை எழுதினால் சுந்தரம்மாள் என் வீட்டுக்கே வந்து கேட்பாள்.

மூன்றாவது முடிவை எழுத ரொம்ப ஆசையாக இருந்தது. 'அவ்வளவு நாள் கழித்து எடுத்த படத்தில்' என்று தொடங்கினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. எனக்குப் பிடித்தவர்கள் எல்லாரையும் பிழைக்கவைக்க முடியுமானால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேனோ என்னவோ.

நான்காவதாக வந்தது முடிவு இல்லை. இன்னுமொரு மத்தியானம், அவ்வளவுதான்.

தை மாதம். மலையிலிருந்து இறங்கும் காற்றில் பால் சரியாகத் தோயாமல் சுந்தரம்மாள் சட்டியைத் துணி சுற்றி அடுப்போரம் வைக்க வேண்டியிருந்தது. வடிவேலு இப்போது கட்டிலிலேயே சாய்ந்தபடிதான் சாப்பிடுகிறார். கீதாஞ்சலி சோற்றைக் குழைய வடித்திருந்தாள். ரசம் ஊற்றிப் பிசைந்து சுந்தரம்மாள் கொடுத்தாள். நாலு வாய் உள்ளே போயிற்று. கடைசிப் பிடி தட்டில் இருந்தது.

அவர் கேட்கவில்லை.

சுந்தரம்மாள் காத்திருந்தாள். ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைத்தாள். தண்ணீர்ச் சொம்பைக் கிட்டே வைத்தாள். கொட்டகையில் மாடு கழுத்தை ஆட்டும் சத்தம் கேட்டது. வடிவேலு கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. கேட்க மூச்சு இல்லையா, கேட்பதை விட்டுவிட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற கீதாஞ்சலிக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியாது.

"இந்தா பாருங்க" என்றாள் சுந்தரம்மாள். குரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்தது. "தயிரெல்லாம் கெடையாது. சொல்லிட்டேன்."

வடிவேலு கண்ணைத் திறந்தார்.

"நான் கேக்கவே இல்லியேம்மே."

"கேப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள?"

அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சிரிப்புத்தான். இருமல் வந்தது, அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள், அடங்கியது. அடங்கிய பிறகும் அவள் கை அங்கேயே இருந்தது.

"சரி. நாளைக்கிக் கேக்கறேன்."

"கேளுங்க. நாளைக்கும் கெடையாது."

அவர் வாயைத் திறந்தார். அவள் கடைசிப் பிடியை ஊட்டினாள்.

10

நாளை மத்தியானத்தை நான் எழுதவில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. எப்படி எழுதினாலும் சுந்தரம்மாளிடமிருந்து ஒன்றைப் பிடுங்க வேண்டியிருக்கிறது, அதற்குக் கை வரவில்லை. உங்களுக்கு யாராவது சோறு ஊட்டியிருந்தால், அல்லது நீங்கள் யாருக்காவது ஊட்டியிருந்தால், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

சோறு வடித்தாயிற்று. அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்காரப் பார்க்கிறார், முதுகுக்கு ஒரு தலையணை வேண்டும். தட்டை நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள்.